மல்லாந்த சிலந்தி

டாரன்டுலா சிலந்தி வளர்க்கும் மாணவன் ஒருவன் கண்கலங்கி நின்றான். சிலந்தி மல்லாந்து கிடக்கிறதாம். புதைக்கக் குழியும் தோண்டிவிட்டானாம். "அது தோலுரிக்கிறது, தொடாதே" என்றேன். மறுநாள் பழைய தோலைக் கொண்டுவந்து காட்டினான். பற்கள் கெட்டிப்படும்வரை, ஏறத்தாழ 7 முதல் 10 நாள், இரையிட வேண்டாம் என்றேன்.

அஞ்சவேண்டியது, கால்கள் உடலுக்கடியில் சுருண்ட நிலைக்கே. சிலந்தி கால்நீட்டுவது குருதியின் அழுத்தத்தால். உடல்நீர் வற்றினால் கால்கள் மடங்கும். உடனே தண்ணீர் வைக்கவேண்டும். விழுந்து வயிற்றில் சிறுகிழிசல் ஏற்பட்டுக் குருதி கசிந்தால், சோளமாவு தூவி அடைப்பர். இழந்த காலோ அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் வளரும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! ஒதுங்கியிருக்கும் பிள்ளையைத் 'தேறாது' என்று முடிவுகட்டுமுன், அது வளரும் பருவமா, வாடும் பருவமா என்று சற்றே உற்றுநோக்குவோம்.