விண்ணப்பம் இல்லாத வேலை

நம்ம ஊரில் இரவுக் காவலர் வேலைக்குக்கூட விண்ணப்பப் படிவம் உண்டு. ஹைகோர்ட் நீதிபதி பதவிக்கு அப்படி ஒன்று கிடையாது, தெரியுமா?

என்னோடு பி.காம். படித்த நண்பன், பிறகு சட்டம் முடித்து வக்கீலானான். இருபது வருஷ பிராக்டீஸ். "ஜட்ஜ் ஆகணும்னா யாரைப் போய்ப் பார்க்கணும்டா?" என்று ஒருநாள் கேட்டேன். "நாம யாரையும் பார்க்கக் கூடாது. அவங்க கண்ணுல நாம படணும்" என்றான்.

கீழ் கோர்ட்டில் இந்த மர்மமெல்லாம் இல்லை. சிவில் நீதிபதி பதவிக்குப் பரீட்சை, இன்டர்வியூ, ரிசல்ட் எல்லாம் உண்டு. மாடிப்படி ஏறினால்தான் விதி மாறுகிறது. ஹைகோர்ட் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயர்களைச் சிபாரிசு செய்வார்கள். மாநில அரசு, உளவுத்துறை, மத்திய அரசு என்று ஃபைல் சுற்றிவிட்டு சுப்ரீம் கோர்ட் போகும். அங்கே தலைமை நீதிபதியும் இரண்டு மூத்தவர்களும் தலையாட்ட வேண்டும். சுப்ரீம் கோர்ட் பதவி என்றால் தலைமை நீதிபதியோடு நான்கு பேர். இதற்குப் பெயர் கொலீஜியம்.

அரசியல் சட்டத்தில் இந்த வார்த்தையைத் தேடாதீர்கள், அகப்படாது. நீதிபதிகளைக் கலந்தாலோசித்து ஜனாதிபதி நியமிப்பார் என்றுதான் எழுதி வைத்தார்கள். 1993, 1998-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன கருத்துகளில்தான் இந்த ஏற்பாடு பிறந்தது. 'ஆலோசனை' என்பதற்குக் கிட்டத்தட்ட 'சம்மதம்' என்று அர்த்தமாகிவிட்டது.

கணக்கு எழுதுகிறவரே ஆடிட்டும் செய்யக் கூடாது என்பது காமர்ஸ் வகுப்பில் எனக்குச் சொன்ன பாலபாடம். அப்படியானால் நீதிபதியை நீதிபதியே தேர்ந்தெடுப்பது தப்புதானே?

அவசரப்படாதீர்கள். அரசாங்கம் கையில் இருந்தபோது என்ன நடந்தது? 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளை ஒதுக்கிவிட்டு ஏ.என். ரே தலைமை நீதிபதியானார். எமர்ஜென்சியின்போது, 1976-ல், தனிமனித சுதந்திரத்துக்காகத் தனியாளாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் எச்.ஆர். கன்னா. அடுத்த வருஷமே அவரைத் தாண்டி இளையவருக்குப் பதவி போனது. நாட்டில் அதிக வழக்குகளில் சிக்கியிருப்பதே அரசாங்கம்தான். ஆடிட்டரை முதலாளியே பொறுக்கி எடுத்தால் கணக்கு எப்படி இருக்கும்?

2014-ல் சட்ட அமைச்சரையும் இரண்டு பிரமுகர்களையும் சேர்த்து ஆறு பேர் கமிஷன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்த 'ஒன்று' நீதிபதி செலமேஸ்வர். கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பது அவருடைய வாதம்.

அரசாங்கத்திடமும் ஓர் ஆயுதம் இருக்கிறது: தாமதம். கொலீஜியம் இரண்டாவது முறையும் அதே பெயரை வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும். ஆனால் ஃபைலை எடுக்காமலே வைத்திருந்தால்? அங்கே நாற்காலி காலி, இங்கே நமக்கு வாய்தா.

யார் தேர்ந்தெடுப்பது என்ற சண்டை இப்போதைக்குத் தீராது. நான் கேட்பது இரண்டே இரண்டு. ஃபைலுக்கு ஒரு கெடு. இவர் ஏன், அவர் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம். காரணம் எழுதாத தீர்ப்பை மேல் கோர்ட் ரத்து செய்துவிடும். தீர்ப்பு எழுதுகிறவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் காரணம் வேண்டாமா?