மரத்தில் ஏறும் எறும்புகள்

டிசம்பர் 9
அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து தோப்பு என் பொறுப்பு. கட்டிலில் கிடந்தபடி அவர் விசாரிப்பதெல்லாம் கிணற்றோர மாமரத்தைத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனபின், வெறுமையான இடத்தில் அவர் நட்டது. இன்று அதன் கொழுந்தடியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. தண்டு நெடுக எறும்பு வரிசை.

டிசம்பர் 10
தூக்கமே இல்லை.

டிசம்பர் 12
“தண்டைச் சுத்தி கிரீஸைத் தடவு தம்பி, ஒரு எறும்பு ஏறாது” என்றார் பக்கத்துத் தோப்புச் சித்தப்பா. போன வருஷம் தடவிய தன் ஒட்டுமாங்கன்றையும் காட்டினார். கறுப்பு வளையமாக இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். எண்ணெய் பட்டைக்குள் ஊறி, வெயில்படும் பக்கம் வெடித்து, உள்ளே பச்சையே இல்லை. வயிறு கலங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “பட்டை மேலயா தடவுவாங்க? அதுவும் உசுருதானே” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பர் 15
கட்டிவிட்டேன். முழங்கால் உயரத்தில் தண்டின் பள்ளங்களைக் களிமண்ணால் பூசி, ஒரு சாண் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தடித்த பாலிதீன் தாள் சுற்றி, மேலும் கீழும் சணலால் கட்டினேன். கிரீஸ் தாளின் கீழ்ப்பாதியில் மட்டும். பட்டையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. தரையைத் தொட்ட கிளையையும் கழித்தேன். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கிறது, தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. பொறிவண்டு பறந்து வரும், அதற்குத் தண்டுவழி தேவையில்லை.

டிசம்பர் 16
எறும்புகள் தாள்வரை வந்து திரும்புகின்றன. அப்பா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

டிசம்பர் 27
கிரீஸில் ஓணான் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். வால் நுனி வெகுநேரம் அசையவில்லை, பிறகு ஓடியது. செம்மண் தூசியும் சருகும் ஒட்டி எறும்புக்குப் பாலம் வேறு போட்டிருக்கிறது. பழையதை வழித்துவிட்டு மெல்லிசாகப் பூசினேன். தாளுக்கு வெளியே, அதில் படாமல், கோழிவலையை வளைத்து வைத்தேன். குருவி வந்து உட்காரக் கூடாது.

ஜனவரி 4
முந்திரிக்கும் கட்டலாம் என்று தாளோடு போனேன். களை வெட்ட வந்த அக்கா தடுத்துவிட்டார். “இதுல முசுறு இருக்கு தம்பி. அது இருந்தாத்தான் கொழுந்து கருகாது.” இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தன அந்தச் சிவப்பு எறும்புகள். கொழுந்தைக் கருக்கும் தேயிலைக் கொசுவை வேட்டையாடுபவை அவை. சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோப்புகளில் இவற்றின் கூடுகளைக் கொண்டுவந்து கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஜனவரி 5
மழைத் தூறல்.

ஜனவரி 11
“அவுத்துப் பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார் அப்பா. அவிழ்த்தேன். தாளுக்கடியில் ஈரம், சணல் அழுந்திய தடம். துடைத்துக் காயவிட்டுத் தளர்த்திக் கட்டினேன். பூ முடிந்ததும் மொத்தமாக எடுத்துவிட வேண்டும்.

கீழ்க்கிளைகளில் பூச்சி குறைந்திருக்கிறது. உச்சியில் அப்படியே இருக்கிறது, அங்கே பூங்கொத்தும் தலைகாட்டிவிட்டது. நாளை அப்பாவுக்கு மறுபடி எக்ஸ்ரே. மரத்தைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும்; கிரீஸ் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.