வார்ப்பிரும்பு வாஃபிளும் வெங்காய வாசமும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, அசைன்மெண்ட், பரீட்சை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. இதை எழுதினால் நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். சரி, நடந்து முடிந்த கதைதானே, எழுதிவிடுகிறேன். திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகத் திட்டவும்.

முதலில் ஊரைப் பற்றி. நான் படிக்க வந்திருப்பது ஈரி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற சின்ன நகரம். ஏரியிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, குளிர்காலத்தில் அதை அப்படியே பனியாகக் கொட்டும். 2017 கிறிஸ்துமஸ் அன்று ஒரே நாளில் 34 அங்குலம் கொட்டியதாம். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டதுமே காய்ச்சல் வந்துவிட்டது.

2022 ஆகஸ்டில் வந்து, ஒரு பாட்டியின் வீட்டில் மாடி அறையில் குடியேறினேன். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். அடுப்படி கீழே, இருவருக்கும் பொது. என் சமையல் என்பது நூடுல்ஸ், பிரெட், முட்டை. அதற்கு மேல் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரியவிடாமல் வளர்க்கப்பட்டேன் என்பதே சரி. எங்கள் அம்மா என்னை அடுப்படிக்குள் விட்டதே இல்லை. "நீ படி. இந்த எழவெல்லாம் என்னோட போகட்டும்" என்பார். சொந்தக்காரர்களிடம், "எங்க புள்ளைக்கு ஒரு தோசை ஊத்தத் தெரியாது" என்று சொல்லும்போது அம்மா முகத்தில் ஒரு பெருமை தெரியும். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும் மேலே படிக்க வைக்கப்படாமல் அடுப்படிக்கு வந்தவர் அவர். அந்தப் பெருமையின் அர்த்தம் எனக்குப் புரியும். அதனால் நானும் கற்றுக்கொடு என்று கேட்டதில்லை.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று பாட்டி கீழே கூப்பிட்டார். அடுப்பில் கன்னங்கரேலென்று ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. வாஃபிள் சுடும் அச்சு, கரண்டில் ஓடுவது அல்ல, அடுப்பில் வைத்துச் சுடுவது. நம் தோசைக்கல் இரும்பில் செய்திருந்தாலும் நமக்குக் கல்தானே? அதனால் இதையும் வாஃபிள் கல் என்றே சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: இரண்டு வட்டமான வார்ப்பிரும்புத் தட்டுகள். உள்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகச் சதுர முட்டுகள். வாஃபிளில் குழி குழியாக இருப்பது இவற்றால்தான். ஒரு பக்கம் இரண்டுக்கும் கைப்பிடி, எதிர்ப்பக்கம் கீல். கீலின் நுனியில் ஒரு இரும்புக் குண்டு. தனியாக ஒரு வளையம் உண்டு. அதை அடுப்பின் மேல் வைத்து, அதிலுள்ள பள்ளத்தில் இந்தக் குண்டை உட்கார வைக்க வேண்டும். மாவை ஊற்றி மூடிய பிறகு, கைப்பிடியைப் பிடித்து ஒரு திருப்பு. தட்டுகள் இரண்டும் சேர்ந்தே புரண்டு, மேலே இருந்தது கீழே வந்துவிடும். தோசைத் திருப்பிக்கு வேலையே இல்லை! 1869 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்துக்காரரான கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் வாஃபிள் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஆகஸ்ட் 24-ஐத்தான் அமெரிக்காவில் வாஃபிள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பாட்டியின் கல்லில் 8 என்ற எண்ணும், வட்டத்துக்குள் சிலுவை போன்ற ஒரு முத்திரையும் இருந்தன. கிரிஸ்வோல்ட் கம்பெனியின் முத்திரை அது. 1865-இல் ஆரம்பித்து, இதே ஈரியில் வார்ப்பிரும்புச் சாமான்கள் செய்த கம்பெனி. 8 என்பது அந்தக் காலத்து விறகு, கரி அடுப்புகளின் வாய் அளவு. பாட்டியின் அப்பா அங்கேதான் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தாராம். 1957-இல் ஈரி ஆலையை மூடியபோது அவருக்கு வேலை போயிற்று. "இது அவர் கைபட்டு வார்த்ததாகவே இருக்கலாம், யாருக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பாட்டி ஒரு வாஃபிளை எடுத்துத் தட்டில் போட்டார். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. வீட்டு ஞாபகமே வராமல் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

இப்போது அசட்டுத்தனத்துக்கு வருவோம்.

2023 ஜனவரியில் பாட்டி நாலு நாள் கிளீவ்லேண்டில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அடுப்படியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரும்போது வாஃபிள் சுட்டுக் கொடுத்து அசத்தலாம் என்று எனக்கு ஒரு ஆசை. ஒத்திகை பார்க்கலாமென்று இறங்கினேன்.

மாவு கரைத்தேன். இனிப்பு தூக்கலாக இருக்கட்டுமென்று சர்க்கரையை அள்ளிப் போட்டேன். கல்லை ஒரு பக்கம் மட்டும் காய வைத்து, நெருப்பை ஏற்றிவிட்டு, மாவை ஊற்றி மூடினேன். புகை வந்தது. திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. இழுத்துத் திறந்தபோது வாஃபிள் இரண்டாகக் கிழிந்து, மேலே பாதி, கீழே பாதி என்று ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் பச்சை மாவு.

பயத்தில் இரும்பு நாரை எடுத்துச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினேன். போகவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சோப்புத் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இத்தனைக்கும் நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரும்பு-கார்பன் வரைபடம் போடுவேன்!

காலையில் பார்த்தால் கல் முழுக்கச் செங்காவி. விரலால் தொட்டால் விரலும் காவி. பாட்டியின் அப்பா வார்த்ததாகவும் இருக்கலாம் என்ற அந்தக் கல்லை ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைத்துவிட்டேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை மணி.

"ஏட்டி, என்னாச்சு? ஏன் அழுத?"

கேமராவைத் திருப்பிக் கல்லைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை.

"இதுக்காட்டி உன்ன அம்புட்டு தூரம் அனுப்புனேன்?" என்றார். அடுத்த நொடியே, "சரி, பக்கத்துல கொண்டா. உள்ள பள்ளம் விழுந்திருக்கா, மேலாகத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்டது நான் அறியாத ஒரு அம்மாவின் குரல். ஒரு நல்ல பேராசிரியர் போல, தயக்கமே இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய். இடுக்குக்குப் பழைய பல்தேய்க்கும் பிரஷ். தண்ணீர் பட்டால் உடனே துடைத்து அடுப்பில் காய வை, ஒரு சொட்டு ஈரம் நிற்கக் கூடாது. பிறகு நல்லெண்ணெய். "நெறைய ஊத்தாத. தடவிட்டு, தடவவே இல்லங்கிற மாதிரி தொடச்சு எடுத்துரு." காய வை. புகை அடங்கட்டும், ஆறட்டும், மறுபடி தடவு. "கல்லப் பழக்கணும்டி. அதட்டுனா கேக்காது."

நாலு தடவை செய்தேன். இரண்டாவது தடவை வீட்டின் புகை அலாரம் அலறி, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துப் பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டே தொடர்ந்தேன். கடைசியில் அம்மா, "வெங்காயத்த ரெண்டா வெட்டி எண்ணெயில முக்கித் தேச்சிரு" என்றார். அதையும் செய்தேன். இதுதான் பின்னால் என்னைக் காட்டிக் கொடுத்தது.

அம்மா சொன்ன பழக்குதலுக்குப் பின்னால் இருக்கும் வேதியியலை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மெல்லிசாகத் தடவிய எண்ணெய், சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியான பாலிமர் படலமாக மாறி இரும்பைப் பற்றிக்கொள்கிறது. தோசை ஒட்டாமல் வருவது அந்தப் படலத்தால்தான், வெறும் இரும்பால் அல்ல. எண்ணெய் அதிகமானால் படலம் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும். "தடவவே இல்லங்கிற மாதிரி" என்று அம்மா சொன்னதன் விளக்கம் அவ்வளவே. என் கதையில் குற்றவாளி சோப்பு இல்லை. படலத்தைச் சுரண்டிய இரும்பு நாரும், ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீரும்தான். ஊற்றிய மாவு ஒட்டியதற்குக் காரணம், காயாத மேல்தட்டும் அள்ளிப் போட்ட சர்க்கரையும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டி வந்தார். கல் பழையபடி கறுப்பாக, இருந்த இடத்தில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் எதேச்சையாக அதைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார். "வெங்காயமா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சினிமாவில் வருவது போல அவர் சிரித்து என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நூடுல்ஸைக்கூட அறையிலேயே வைத்துச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். கையில் மாவுப் பாத்திரம். "காய வை, இரண்டு பக்கமும்" என்றார்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்றே முக்கால் கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, ஒன்றரை கப் பால், ஆறு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் இவற்றைக் கலந்து மாவில் ஊற்ற வேண்டும். ரொம்பக் கலக்கக் கூடாது, சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். பஞ்சு போல வருவது அதனால்தான்.

கல்லை மிதமான தீயில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டி எட்டுப் பத்து நிமிடம் காய வைக்க வேண்டும். வார்ப்பிரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும், அவசரப்பட்டால் நடுவில் மட்டும் கரியும். தண்ணீர்த் துளியைத் தெளித்தால் அது உருண்டோட வேண்டும். (தோசைக்கல்லுக்கும் இதே பரீட்சைதான்.) இரண்டு தட்டிலும் எண்ணெய் தடவி, மாவை நடுவில் ஊற்றி மூடி, அரை நிமிடத்தில் ஒரு திருப்பு. அப்புறம் ஓரத்தில் வரும் ஆவியைக் கவனிக்க வேண்டும். ஆவி குறைந்தால் வெந்துவிட்டது. அதற்கு முன் திறந்தால் கிழியும். தானாக விடவில்லை என்றால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். இழுக்காதீர்கள்!

முதல் வாஃபிள் லேசாக ஒட்டியது, வெங்காயமும் மணத்தது. பாட்டி அதைத் தானே எடுத்துக்கொண்டு, மேப்பிள் சிரப்பை ஊற்றிப் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவது வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுத் தோசைக்கல், அம்மா கல்யாணத்தின்போது ஆச்சி கொடுத்து அனுப்பியது. அதை எனக்குத் தருவாயா என்று கேட்டேன். தந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மாட்டேன்டி. இது எனக்கு வேணும்" என்றார். தனக்கு வேண்டும் என்று அம்மா சொல்லி அதற்கு முன் கேட்டதே இல்லை.

மறுநாள் டவுனுக்குக் கூட்டிப்போய்ப் புதுக்கல் ஒன்று வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக என்னை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, தான் பின்னால் நின்றார். நாலு நாள் பழக்கினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஐந்தாம் நாள் ஊற்றிய முதல் தோசை பிய்ந்துதான் வந்தது. "மொதத் தோச கல்லுக்கு. அடுத்தத ஊத்து" என்றார்.

பெட்டியில் 23 கிலோவுக்குள் அதையும் அடக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன். இப்போது ஈரியில் பாட்டியின் அடுப்படிச் சுவரில் இரண்டு கல்லும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. பாட்டிக்குத் தோசை பிடித்துவிட்டது. சட்னி மட்டும் வேண்டாமாம், மேப்பிள் சிரப்தான்.

யாராவது வாஃபிள் கல்லைப் பழக்குவதாக இருந்தால், அம்மா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள். வெங்காயத்தை மட்டும் தோசைக்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.