மிரளும் மட்டக்குதிரை

வேடசந்தூர்ச் சமவெளியில் வளரும் எங்களுக்குக் குதிரை என்றால் அய்யனார் கோவில் மண்குதிரைதான். அது துள்ளாது, மிரளாது. உயிருள்ள குதிரையின் குணம் வேறு.

குதிரை கூட்டமாய் வாழும் பிராணி. பின்தங்கினால் பகைவிலங்குக்கு இரையாவோம் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய அச்சம். ஆகவே ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடும். 19-ஆம் நூற்றாண்டில் உதகையின் வென்லாக் புல்வெளியில் ஆங்கிலேயர் வேட்டைநாய்களுடன் குள்ளநரியைத் துரத்தினர். அத்தகைய வேட்டைகளில், உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது ஆங்கிலேயர் வழக்கம். 'விலகி வாருங்கள்' என்பது அதன் பொருள். நம் பின்னலில் ஆடும் ரிப்பனுக்கு இப்படியும் ஒரு வேலை!

கொடைக்கானல் ஏரி 1863-இல் உருவாக்கப்பட்டது. இன்பச் சுற்றுலாவின்போது அதன் கரையில் நாங்கள் மட்டக்குதிரை ஏறினோம். முன்னே சென்றது ஓடத் தொடங்கியதும் பின்னே வந்தவை தலையை உதறித் துள்ளின. "மாதாவே!" என்று அலறினோம். எங்களுள் இளையவள் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு அழுதாள். அலற அலற அவை மேலும் மிரண்டன.

"கத்தாதீங்க பாப்பா, அதுக்கும் பயம்தான்" என்றார் குதிரைக்கார அண்ணன். கடிவாளத்தை ஒரேயடியாய் இழுத்துப் பிடிக்காமல், இழுத்து இழுத்துத் தளர்த்தச் சொன்னார். குதிகாலைத் தாழ்த்தி நிமிர்ந்து உட்காரவும், முன் குதிரைக்கு ஒரு குதிரை நீளம் இடம் விடவும், ஓட முயன்றால் வட்டமாய்த் திருப்பவும் கற்றுத்தந்தார்.

வாய் மூடி, நிதானமாய் மூச்சு விட்டோம். சற்று நேரத்தில் குதிரைகள் நடை போட்டன. அழுதவள் தன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

தோழியரே, நாம் திமிர் என்று எண்ணுவது பல வேளைகளில் பயமே. அதட்டினால் பயம் வளரும். அமைதியான கை பட்டால் அடங்கும்.