பலெர்மோ நகரில் ஒரு நாள்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது, கல்லூரியில் யாம் கழித்த நாட்களைப் பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். ஆயின், அந்நாட்களை எம்மிலும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆதலால், எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பரொருவரோடு கடல்கடந்த நகரொன்றிற் கழித்த ஒரு நாளைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரியிற் கற்ற பாடமொன்று அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

அந்நகரம் இத்தாலிக்குரிய சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோ. 2018 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மனைவி, மகன் சகிதம் அங்குச் சென்றோம். நண்பர் 1986 இல் அந்நகரை அடைந்தவர். எம் வகுப்பிற் கணிதத்தில் முதல்வராய் விளங்கிய அவருக்கு, அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலையே வாய்த்தது. அதனைக் குறைவாக எண்ணாது செய்து, அங்கேயே பிறந்த மகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தார். எமக்காக ஒருநாள் விடுமுறையும் பெற்றிருந்தார். ஊரைச் சுற்றிக்காட்டும்படி கேட்டபோது அவர் முகத்தில் நாணம் படர்ந்தது. “மச்சான், அரண்மனை மதிலோரமாய் முப்பது வருஷம் வேலைக்குப் போய் வந்தனான். உள்ளுக்குப் போய்ப் பார்க்க ஒருநாளும் நேரம் வரேல்லை” என்றார். ஆகவே, அன்று எமக்கும் அவருக்கும் வழிகாட்டியானவள் அவர் மகளே.

காலையில் பல்லாறோ என்னும் சந்தைக்குட் புகுந்தோம். கத்தரிக்காயும் எலுமிச்சையும் மீனும் குவிந்து கிடக்க, வியாபாரிகள் இராகமிட்டுக் கூவினர். அங்கே கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக்கிப் பொரித்துத் தருகின்றனர். பனெல்லே என்பது அதன் பெயர். எம் மனைவியார் ஒன்றைச் சுவைத்து, “இதற்குச் சிறிது பெருஞ்சீரகமும் செத்தல்மிளகாயும் சேர்த்தால் எங்கள் பலகாரந்தான்” எனத் தீர்ப்பளித்தார்.

அங்கிருந்து பேராலயத்தை அடைந்தோம். 1185 இல் எழுந்த அவ்வாலயத்தின் தெற்கு முகப்பிலுள்ள தூணொன்றில் குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கிறித்தவ ஆலயத்தில் இஃது எவ்வாறு வந்ததென எம் மகன் வினவினான். அராபியர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்நகரை ஆண்டனரென்றும், 1072 இல் நோர்மானியர் அதனைக் கைப்பற்றினரென்றும், பழைய கட்டடங்களின் தூண்களைப் புதியவற்றிற்கும் எடுத்தாண்டனரென்றும் நண்பர் மகள் விளக்கினாள்.

பின்னர் நண்பர் உள்ளே கண்டிராத அந்த அரண்மனைக்குச் சென்றோம். 1130 இல் முடிசூடிய இரண்டாம் றோஜர் மன்னன் அங்கு அமைப்பித்த சிற்றாலயத்துள் நுழைந்ததும் பேச்செழவில்லை. சுவரெங்கும் பொன்னொளிரும் சில்லுகள் பதித்த திருவுருவங்கள். அவற்றினருகே கிரேக்க எழுத்துக்களும் இலத்தீன் எழுத்துக்களும். மேலே தேன்கூடு போலக் குடைந்தமைத்த மரவிதானம். அது முஸ்லிம் கலைஞரின் கைவண்ணம். நண்பர் தொப்பியைக் கையிற் பிடித்தவாறு நெடுநேரம் அண்ணாந்து நின்றார்.

வெளிச்சுவரில் ஒரு கல் இருக்கிறது. 1142 இல் அம்மன்னன் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் அது கூறுகிறது. அதன்முன் நின்றபோது எமக்கும் நண்பருக்கும் ஒரே நினைவு எழுந்தது. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்ட மும்மொழிக் கல்லைப் பற்றி எம் சரித்திர ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த நாளே அது. 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனக் கடற்றலைவர் செங் ஹே கொணர்ந்த கல் அது. சீனமும் தமிழும் பாரசீகமும் அதில் அருகருகே உள்ளன.

அதனைச் சொன்னபோது நண்பர் மகள் சற்றுச் சிந்தித்து, “இந்தக் கல்லில் அரபு இருக்கிறது, மாமா. ஆனால் அதைப் பேசிய குடிகளை இந்த மன்னனுடைய மகள்வழிப் பேரன் இரண்டாம் பிரெடெரிக் லுச்சேராவுக்கு நாடுகடத்திப்போட்டான். கல் மட்டும் நிற்கிறது” என்றாள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. கல்லில் எம்மொழி உண்டென்று மாணவப் பருவத்தில் யாம் கொண்ட பெருமிதம் எத்துணைக் குறைபாடுடையது என்பதை அன்று உணர்ந்தோம். மொழியைக் காப்பது கல்லன்று, அதனை வழங்குவோரே. அவர் அகன்றபின் கல்லுக்கு நூதனசாலைக் காவலே எஞ்சுகிறது.

பிற்பகலில் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினோம். 1624 இல் கொள்ளைநோய் பரவியபோது நகரைக் காத்தவரென மக்கள் போற்றும் புனித றொசாலியாவின் குகைக்கோயில் அங்குள்ளது. பலெர்மோவாழ் தமிழர், கத்தோலிக்கரும் சைவரும் ஒருங்கே, அம்மலைக்கு யாத்திரை செல்கின்றனர். காலையில் வழியறியாது எம்பின்னே வந்த நண்பர் இங்கே முன்னே நடந்தார். எந்தத் திருப்பத்தில் நிழலுண்டு, எங்கிருந்து கடல் தெரியும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாயிருந்தது. பாறையிலிருந்து நீர் சொட்டும் அக்குகையில், ஊரில் அம்மன் சந்நிதியில் நிற்குமாறே அவரும் அவர் மனைவியாரும் கைகூப்பி நின்றனர்.

இறங்குமுன் படத் தபாலட்டையொன்று வாங்கி, ஊரில் 88 வயதில் வாழ்ந்திருந்த அச்சரித்திர ஆசிரியருக்கு எல்லோரும் ஒவ்வொரு வரி எழுதினோம். நண்பர் மகள் தமிழ் நன்கு பேசுவாள், எழுதிப் பழகவில்லை. தந்தையிடம் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாக ‘வனக்கம்’ என எழுதித் தன் பெயரையும் இட்டாள். பிழையைக் கண்டும் நண்பர் திருத்தவில்லை, யாமும் வாளாவிருந்தோம்.

ஒரு மாதத்தின் பின் ஆசிரியரிடமிருந்து மறுமொழி வந்தது. அஃது எமக்கன்று, அவளுக்கு. நடுங்கிய கையெழுத்தில் இவ்வளவே எழுதியிருந்தார்: “பிள்ளைக்கு ஆசி. வணக்கத்துக்கு இன்னும் ஒரு சுழி வேண்டும். அடுத்த கடிதத்தில் போட்டு அனுப்பு.”

அவள் அனுப்பினாள்.