ரங்கூன் பெட்டி

போர் முடிந்தபின் வீரர்கள் வீடு திரும்புவதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. படை கலைக்கப்பட்டது, வீரர் ஊர் திரும்பினர் என்பதோடு அத்தியாயம் முடிந்துவிடும். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, எதை யாருக்கும் தெரியாமல் அழித்துவிடுவது என்று கணவனும் மனைவியும் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பேசிய இரவுகள் அந்நூல்களில் இடம்பெறுவதில்லை. என் தாத்தாவும் பாட்டியும் 1946ஆம் ஆண்டு ரங்கூனில் அப்படிப் பேசினார்கள். பாட்டியின் வாய்மொழியாக அதைப் பலமுறை கேட்டு வளர்ந்தவன் நான்.

தாத்தா, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த நெசவாளர். அப்பகுதியில் இன்றும் தறியோசை கேட்கும். அந்நாளில் தெருவுக்குத் தெரு பாவு நீட்டியிருப்பார்களாம். பாவு கிடக்கும் தெருவில் மாட்டுவண்டிகூட நுழையத் தயங்கும் என்பார் பாட்டி. 1930களின் பொருளாதார வீழ்ச்சி அத்தெருக்களையும் தேடி வந்தது. பட்டுச்சேலை, திருமண வீட்டின் செலவு. நெல்லுக்கு விலை இல்லாதபோது திருமண வீடுகள் கையைச் சுருக்கின; முதலாளிகள் பாவு கொடுப்பதைக் குறைத்தனர்; தறி சும்மா கிடந்தது. 1934ஆம் ஆண்டு, உறவினர் ஒருவரின் அழைப்பை நம்பித் தாத்தா ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். அங்கு மொகல் தெருவிலிருந்த துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அந்நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போது இந்தியர். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் அங்கே பல ஆண்டு பிழைத்துவிடலாம்.

பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது என்பதை மாணவர் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். தாத்தா முதலில் சென்றபோது நடுவில் கடல் இருந்ததே தவிர, நாட்டு எல்லை இல்லை. திருமணத்திற்கு ஊர் வந்து, 1939இல் பாட்டியை அழைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது அதே ரங்கூன் வேற்று நாடாகியிருந்தது.

அந்த 1939, காஞ்சிபுரத்தார் மறக்காத ஆண்டு. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு திருக்குளத்தில், நீருக்கடியில் துயிலும் அத்திமரத் திருமேனி நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும். அவ்வாண்டு அத்திவரதரைச் சேவித்த பிறகே பாட்டி கப்பலேறினார். “அடுத்த தடவ அவரு எழும்போது நாம இங்கதான் இருப்போம்” என்று தாத்தா உறுதி கூறினாராம். 1979ஐக் கணக்கிட்டுப் பார்த்த புதுமணப்பெண்ணுக்கு அது ஆறுதலாக இருந்ததா, அச்சமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இந்தியர்கள் இலட்சக்கணக்கில் காடுகளையும் மலைகளையும் கடந்து நடந்தே தாயகம் நோக்கிச் சென்றனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஏராளம். பாட்டி அப்போது நிறைசூலி. நடக்க இயலாதவர்கள் தங்கிவிட்டார்கள். அவர்களுள் என் பாட்டியும் ஒருவர். என் தந்தையார் 1942இல் அந்நகரத்தின் புறத்தே, ஒரு பர்மியக் கிழவியின் மூங்கில் வீட்டில் பிறந்தார்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் தற்காலிகச் சுதந்திர அரசை அறிவித்தார். 1944 சனவரியில் அதன் தலைமையகம் ரங்கூனுக்கு வந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த குடிமக்களுள் தமிழர் மிகப் பலர். தோட்டத் தொழிலாளர், கணக்கர், கடைச் சிப்பந்தி என்று அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாத கைகள் அவை. தாத்தாவும் சேர்ந்தார். அவர் இம்பால் போர்முனைக்குச் செல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துணி அறிந்தவர் என்பதால் அவரைச் சீருடைக் கிடங்கில் அமர்த்தினார்கள். இருக்கிற துணியை வீணாக்காமல் வெட்டுவது, கிழிந்ததைப் பிரித்து நூலாக்குவது, மீண்டும் தைக்கக் கொடுப்பது ஆகியவை அவர் பணிகள். படை நடப்பது வீரத்தால் மட்டுமென்று எண்ணுவோருக்கு இது சிறிய வேலையாகத் தோன்றலாம். மழைக்காலத்து மலைக்காட்டில் கிழிந்த சட்டையோடு நின்றவனுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

பர்மா முழுவதும் அக்காலத்தில் துணிப்பஞ்சம். கப்பல் வருவது நின்றுபோனதால் கடைகள் வெறுமையாயின; சாக்கை உடுத்தியவர்களும் உண்டு. தாத்தா வீட்டின் பின்கட்டில் குழி வெட்டி, கிடைத்த மரத்தில் ஒரு குழித்தறி அமைத்தார். அச்சு மூங்கிலில் செய்தது; நாடாவை மட்டும் தேக்கில் தாமே இழைத்தார். கிடங்குப் பணி முடிந்த இரவுகளில், பிரித்தெடுத்த பருத்தி நூலைப் பாட்டி தாராகச் சுற்றிக் கொடுக்க, அவர் நெய்வார். அந்தத் துணி அரிசியாகவும் எண்ணெயாகவும் மாறியது. பட்டு நெய்த கையை அந்த முரட்டு நூல் அறுத்தது என்று பாட்டி வருந்துவார். எனினும் தாத்தாவின் வாழ்வில் அவர் யாருக்கும் கூலியாளாக இல்லாமல் நெய்த தறி அது ஒன்றுதான்.

படைக்கு நிதி திரட்டிய கூட்டம் ஒன்றில் பாட்டி தம் கல் கம்மலையும் இரண்டு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். அதற்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள். அதைத் திருமணச் சேலையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். அரக்கு உடலும் பச்சைக் கரையுமான அச்சேலை, தாத்தா தம் தந்தையாரின் தறியில் நெய்தது. கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், மறுபக்கத்தில் நாடாவை வாங்கித் தள்ளுபவர் ஒருவர். மறுபக்கத்தில் அமர்ந்தவர் தாத்தாவின் தம்பி. அத்தம்பியின் முகத்தைப் பாட்டி பஞ்ச காலத்தில் பலமுறை நினைத்துக்கொண்டாராம். சரிகைக்காக அச்சேலைக்கு இரண்டு மூட்டை அரிசி தருவதாக ஒருவர் கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

1945 ஏப்ரல் 24ஆம் நாள் நேதாஜி ரங்கூனைவிட்டுப் புறப்பட்டார். ஜப்பானியர் நீங்கி, ஆங்கிலேயர் வந்து சேராத அந்தச் சில நாள்களில், தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் எஞ்சியிருந்த வீரர்கள் கொள்ளை நிகழாதபடி நகரைக் காத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலப் படை வந்தது. நகரைக் காத்தவர்கள் கைதிகளானார்கள். தாத்தா ரங்கூன் மத்தியச் சிறையில் எட்டு மாதம் இருந்து, 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார். துணிக்கடை குண்டில் எரிந்துபோயிருந்தது. இனி ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று.

முதலில் பணத்தை எண்ணினார்கள். மூன்றாண்டுச் சேமிப்பு முழுவதும் ஜப்பானிய ஆட்சி அச்சிட்ட நோட்டுகள். ஆங்கிலேயர் திரும்பி வந்தவுடன் அவை செல்லாதவை ஆகியிருந்தன. பர்மாவைக் குறிக்கும் ‘பி’ என்னும் எழுத்து அச்சிட்ட அந்த நோட்டுகளைப் பாட்டி தூக்கி எறியவில்லை. தகரப்பெட்டியின் உட்புறம் துருவேறியிருந்தது. துணியில் கறை படியாமலிருக்க, கஞ்சிப்பசை தடவி நோட்டுகளை வரிசையாக ஒட்டினார். “அவ்ளோ பணம் அடியில போட்டு அதுமேல துணி வெச்சினு வந்தவ நான்தான்” என்று சிரிப்பார்.

அடுத்து, தறி. கட்டையைப் பிரித்து அடுத்த வீட்டுப் பர்மியக் கிழவிக்கு விறகுக்குக் கொடுத்தார்கள். நாடாவை மட்டும் தாத்தா எடுத்துக்கொண்டார். சிறுவனாயிருந்தபோது நான், “தறியையே கொண்டுவந்திருக்கலாமே” என்றேன். “கட்டய எடுத்துனு வரலாம் கண்ணு, குழிய எப்படி எடுத்துனு வர்றது?” என்றார் பாட்டி. புறப்படும் முன் தாத்தா அக்குழியைத் தாமே மண்ணிட்டு நிரப்பினார்; கிழவி தடுக்கி விழுந்துவிடக்கூடாது என்பதற்காக.

மூன்றாவது செய்திதான் அவர்கள் பல இரவு பேசியது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதிப்பார்கள், படையில் இருந்ததற்கான அடையாளம் கிடைத்தால் மீண்டும் சிறை என்று கப்பலுக்குக் காத்திருந்தவர்களிடையே பேச்சு பரவியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளை. மறுபடி ஒரு சிறைவாசத்தைத் தாங்கும் நிலையில் குடும்பம் இல்லை. பாயும் புலி பொறித்த சின்னத்தைத் தாத்தா கிணற்றில் போட்டார். காக்கிச் சட்டையையும், விடுதலையின்போது சிறையில் கொடுத்த தாளையும் பாட்டி அடுப்பிலிட்டார். கடைசியாக நகைச்சீட்டு. அதைப் போடுவதற்குத் தாத்தா ஒப்பவில்லை. “அது உன்னுது” என்றாராம். பாட்டி அதையும் போட்டார்.

மூன்று நான்கு நாள் கடற்பயணத்தின்பின் சென்னையில் இறங்கியபோது பெட்டியை எவரும் திறக்கவில்லை. செங்கோட்டையில் 1945 நவம்பர் 5ஆம் நாள் தொடங்கிய வழக்கு நாட்டையே மாற்றியிருந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய பெயர்களைத் தெருவில் சிறுவர்கள் முழங்கினார்கள். துறைமுக வாயிலில் முன்பின் அறியாத ஒருவர், ரங்கூனிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டவுடன் தாத்தாவை நோக்கி “ஜெய்ஹிந்த்” என்றார். தாத்தா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பயம் தெளிய அவருக்கு இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

காஞ்சிபுரத்து வீட்டில் தாத்தாவின் தறிக்குழியில் தம்பியின் மகன் அமர்ந்திருந்தான். பன்னிரண்டு ஆண்டு இல்லாதவருக்காகத் தறி காத்திருக்குமா? போர்க்காலத்தில் மைசூர்ப் பட்டு வான்குடைத் துணிக்காகத் திருப்பிவிடப்பட்டிருந்ததால் பட்டு நூலுக்கும் தட்டுப்பாடு. தாத்தா, தாம் நெய்யக் கற்ற தெருவிலேயே ஓராண்டு காலம் பிறர் கோர்வைச் சேலைக்கு மறுபக்க நாடா தள்ளினார். என் தந்தையார் பர்மிய மொழி கலந்து பேசியதால் திண்ணைப் பிள்ளைகள் அவரைப் ‘பர்மாக்காரன்’ என்றார்கள். பணி ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுவே பெயர். ஊர் திரும்பியவர் என்று மற்றவர்கள் அவரைச் சொன்னபோது, தந்தையார் மட்டும் ‘நான் ஊருக்கு வந்தவன்’ என்று திருத்துவார்.

இன்று படைவீரர் குடும்பம் இடம்பெயரும்போது மாற்றல் ஆணை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. 1963இல் கேந்திரிய வித்யாலயங்கள் தொடங்கியபோது, படைப்பிரிவுகளின் பள்ளிகளே முதலில் அவ்வாறு மாற்றப்பட்டன. கலைக்கப்பட்ட படையின் வீரனுக்கு ஆணையிட அதிகாரியும் இல்லை. வழியனுப்ப அணியும் இல்லை. அவனை ஊர் அனுப்பி வைத்தது அவன் மனைவியின் துணிவுதான் என்பது என் எண்ணம்.

விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி 1972இல் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்திய தேசிய இராணுவத்தினரும் மறைந்தவர்களின் குடும்பத்தினரும் அதற்கு உரியவர்கள். தாத்தா 1968இலேயே காலமாகிவிட்டார். சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். இல்லையெனில் உடன் சிறையிருந்த இருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சான்று, ரங்கூன் அடுப்பில் சாம்பலாகியிருந்தது. தந்தையார் ஆள் தேடத் தொடங்கினார். 1960களில் பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய பின் அங்கிருந்து வந்த தமிழர் பலர் வியாசர்பாடியில் குடியேறியிருந்தனர். அங்கே தாத்தாவோடு ஒரே கொட்டடியில் இருந்த முதியவர் ஒருவர் கிடைத்தார், உடனே கையெழுத்திட்டார். இரண்டாமவரைத் தேடிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் தந்தையார் சென்னைக்குப் பேருந்தில் சென்று வந்தார்.

1979இல் அத்திவரதர் மீண்டும் எழுந்தருளினார். எனக்கு ஒன்பது வயது. பாட்டி அந்த அரக்குச் சேலையை உடுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கூட்டத்தில் வயது முதிர்ந்தவர் எவரையேனும் கண்டால் “நீங்க ரங்கூன்ல இருந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள், ஒருவர், தம் அண்ணன் மலேயாவில் இருந்ததாகச் சொன்னார். சேவித்து முடித்து வீடு வந்ததும் பாட்டி தகரப்பெட்டியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து, என்னைப் படிக்கச் சொன்னார். முதற்சான்றாளரின் நடுங்கிய கையெழுத்துக்குக் கீழே இரண்டாம் சான்றாளருக்கான கோடு வெறுமையாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு, தாளை நான்காக மடித்து, நாடாவுக்கு அடியில், செல்லாத நோட்டுகளின்மேல் வைத்துப் பெட்டியை மூடினார்.