கரண்ட் போனாலும் கூலி போகாமல்...



மின்சாரம் நமக்குப் பாடம். எங்கள் வீட்டில் அதுதான் கூலி. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர் என் அப்பா. மறுநாள் எந்தக் கழனியில் வெட்டு என்று மேஸ்திரி ராத்திரி போனில்தான் சொல்லுவார். போன் செத்துக் கிடந்தால் மறுநாள் வேலை இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மழை விட்டு வெட்டு தொடங்கியும் அப்பாவுக்குச் சேதி வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோவில் சேர்ந்ததும் அப்பா கேட்டார்: "கரண்ட் படிப்புதானே படிக்கிற, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?"

பண்ணினேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி. எல்எம் 317 ஐசி அதை 13.8 வோல்ட்டில் எப்போதும் சார்ஜில் வைத்திருக்கும். ரிலே கிடையாது. பேட்டரி லைனிலேயே இருப்பதால் கரண்ட் போனால் விளக்கு இமைக்கக்கூட இமைக்காது. பேட்டரி கரண்ட் பின்னால் திரும்பாமல் ஒரு டையோடு, பாதுகாப்புக்கு ஒரு ஃபியூஸ். போனுக்கு 5 வோல்ட் தர 7805 போட்டால், 1 ஆம்பியர் ஓடும்போது 7 வாட் வீணாகச் சூடாகும். அதனால் பக் கன்வெர்ட்டர் வைத்தேன்.

முக்கியமான சேதி இனிமேல்தான். புத்தகக் கணக்கு 230 வோல்ட்டுக்கு. சாயந்திரம் எங்கள் வீட்டில் மீட்டர் வைத்தால் 180 தான்! 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அப்போது சுமார் 11.7 தான் தரும். பிரிட்ஜைத் தாண்டி உச்சத்தில் 15 வோல்ட். ஐசிக்கும் டையோடுக்கும் போக 13.8 எங்கே மிஞ்சும்? பேட்டரி நிறையவே நிறையாது. ஆகவே 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பெரிய ஹீட் சிங்க்.

3 வாட் விளக்கும் போன் சார்ஜுக்கு 5 வாட்டும் சேர்த்து 8 வாட். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காவிட்டாலும் 5 மணி நேரம். அப்பாவின் பட்டன் போனுக்கு மட்டும் என்றால் இரண்டு நாளும் தாராளம்.

இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்துக் கல்பாக்கத்தில் 1983 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. அப்படிப்பட்ட அணுமின் நிலையமே தன் கருவிகளுக்கு பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் தயாராக வைத்திருக்கிறது. 2011 சுனாமியில் அவை நீரில் மூழ்கியதால்தான் ஜப்பானின் புகுஷிமா அத்தனை பாடுபட்டது.

தோழர்களே, சர்க்யூட்டைப் புத்தகத்தில் பாருங்கள். வோல்டேஜை உங்கள் வீட்டு பிளக்கில் பாருங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் தெருவுக்கு உதவட்டும்!